உன் பங்கு கால் பங்கு. அதைச் செய்!

நாளைக்கு ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்த வேண்டும். அதற்கான பாடக்குறிப்பை இன்று எத்தனை முறை எழுதிக் கிழித்தாய்?

கிழித்த தாளில் என்ன குறை? கையெழுத்துக் கோணலா? ஊக்குவித்தல் பகுதி சப்பென்று இருந்ததா? யூடியூபில் யாரோ ஒருவர் இதைவிட அழகாக நடத்தியதைப் பார்த்துத் தொலைத்தாயா?

உண்மையைச் சொல்லட்டுமா? நீ பாடத்துக்குத் தயாராகவில்லை. பாடக்குறிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாய்!

கோபம் வருகிறதா? வரட்டும்!

தகுதித் தேர்வு எழுதினாய். போட்டித் தேர்வு எழுதினாய். கலந்தாய்வில் உட்கார்ந்து, பெயரே கேள்விப்படாத ஊரைத் தேர்ந்தெடுத்தாய். பெட்டியோடு பஸ் ஏறினாய். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் வாடகைக்கு வீடு பிடித்தாய்.

இத்தனைக்கும் அஞ்சாத நீ, நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு பாடம் சொதப்பிவிடுமோ என்றா நடுங்குகிறாய்?

நடுங்கு, தப்பில்லை. பயமே இல்லாத புது ஆசிரியரை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவரைப் பார்த்தால் எனக்குத்தான் பயமாக இருக்கும்.

ஆனால் பயத்துக்கு ‘பர்ஃபெக்‌ஷன்’ என்று பெயர் சூட்டாதே!

"எனக்கு எதுவும் அரைகுறையாக இருந்தால் பிடிக்காது" என்று பெருமையாகச் சொல்கிறாய். அது பெருமையா? ஒரு கணக்குப் போட்டுப்பார்.

வாரத்துக்கு 28 பாடவேளை என்று வைத்துக்கொள். ஒரு பாடவேளைக்கு 2 மணி நேரத் தயாரிப்பு. மொத்தம் 56 மணி நேரம்! அதற்குமேல் வகுப்பு. அதற்குமேல் திருத்த வேண்டிய நோட்டுகள். அதற்குமேல் தேர்வுத்தாள்.

எப்போது சாப்பிடுவாய்? எப்போது தூங்குவாய்? தூங்காத கண்ணோடு வகுப்பில் நிற்கும் உன்னைப் பிள்ளைகள் எப்படிச் சகிப்பார்கள்?

யாராலும் செய்ய முடியாத ஒன்றை உனக்கு இலக்காக வைத்தது யார்? நீயேதான். பிறகு "நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை" என்று அழுவது யார்? அதுவும் நீயேதான்!

போதும். நிமிர்ந்து உட்கார்.

நன்னூல் என்று ஒரு நூல். நீ தமிழாசிரியராக இல்லாவிட்டாலும் பெயரையாவது கேட்டிருப்பாய். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. எழுத்தைப் பற்றி, சொல்லைப் பற்றிப் பேச வந்த இலக்கணம் அது. ஆனால் எடுத்தவுடன் அங்கே போகவில்லை. ஆசிரியர் யார், அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மாணவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று பாயிரத்திலேயே பேசிவிட்டுத்தான் இலக்கணத்துக்குள் நுழைகிறது.

அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு ஆசிரியரே அசந்துபோகும் கணக்கு!

ஆசிரியர் சொன்னதை மாணவர் நன்றாகவே மனத்தில் வாங்கிக்கொண்டாலும் கைக்கு வருவது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு கலந்து பழகும்போது இன்னொரு கால். மீதி அரைப் பங்கு? தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது!

கால் பங்கு! கேட்டாயா?

புலமையும் பொறுமையும் உலகியல் அறிவும் நிறைந்த ஆசானுக்கே அந்த நூல் கால் பங்குதான் ஒதுக்குகிறது. நேற்றுப் பணியில் சேர்ந்த நீ, முழுப் பங்கையும் ஒரே இரவில் தாளில் முடித்துவிடப் பார்க்கிறாய். யார் கொடுத்த அதிகாரம் அது?

நீ எழுதிய பாடக்குறிப்பை எடுத்துப் பார். நீ விளக்குவாய். நீ எடுத்துக்காட்டு சொல்வாய். நீ படம் வரைவாய். நீ தொகுப்பாய். பிள்ளைகள் எங்கே? கடைசி வரியில், "மாணவர்கள் புரிந்துகொள்வர்."

எப்படிப் புரிந்துகொள்வர்? அவர்களுடைய முக்கால் பங்கையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு நீதான் மேடையில் நிற்கிறாயே!

அப்படியானால் திட்டமே வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை! அந்தச் சாக்கையும் உனக்குத் தர மாட்டேன்.

அதே நன்னூல், ஆசிரியராகத் தகாதவர்களையும் காட்டுகிறது. கழற்சிக் காய் நிரப்பிய குடம் ஒன்று. கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. முன்னது பின்னதாக எல்லாம் ஒன்றாகக் கொட்டும். திட்டமில்லாமல் வகுப்புக்குப் போகிறவர் அவர். பஞ்சு திணித்த குண்டிகை இன்னொன்று. அரும்பாடுபட்டு உள்ளே அடைத்திருப்பார்கள், ஆனால் வெளியே எடுப்பதற்குள் உயிர் போகும். அளவுக்கு மீறித் திணித்துக்கொண்டு போகும் நீதான் அது!

அந்த நூல் ஆசிரியரிடம் கேட்பது என்ன? இடமும் காலமும் பார். சொல்லப்போவதை முதலில் உன் உள்ளத்தில் அமைத்துக்கொள். அவசரப்படாதே. கோபப்படாதே. முகம் மலர்ந்து சொல். எதிரே இருப்பவர் எப்படி வாங்கிக்கொள்வார் என்று தெரிந்து சொல்.

இதில் எங்கே இருக்கிறது கலர் ஸ்கெட்ச்? எங்கே இருக்கிறது தெர்மாகோல்?

"பி.எட்.டில் இப்படிச் சொல்லித் தரவில்லையே" என்கிறாய். தந்தார்கள். நீ ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு மறந்துவிட்டாய்!

நுண்ணிலைக் கற்பித்தல் ஞாபகம் இருக்கிறதா? 36 நிமிடச் சுழற்சி. கற்பிக்க 6 நிமிடம். பின்னூட்டம் 6. மறுபடி திட்டமிட 12. மறுபடி கற்பிக்க 6. மறுபடி பின்னூட்டம் 6.

பெரிய எண் எங்கே விழுகிறது பார். பன்னிரண்டு! அது கற்பிப்பதற்கு முன்னால் இல்லை. ஒருமுறை நடத்தி, சொதப்பி, நாலு பேர் குறை சொல்லிக் கேட்ட பிறகு வருகிறது!

முதல் முறை சரியாக வராது என்பதை உன் பயிற்சியே எடுத்துக்கொண்டுதான் தொடங்கியது. நீ மட்டும் ஏன் முதல் முறையே வென்றாக வேண்டும்?

ஜப்பானில் ஆசிரியர்கள் பலர் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு கூடிப் பேசித் திருத்துவார்கள். பல பேர், பல வாரம், ஒரு பாடம்; அதிலும் நடத்திய பிறகு திருத்தம்! நீ ஒற்றை ஆளாக, ஒரே இரவில், நாளைய ஐந்து பாடத்துக்கும் திருத்தமே தேவைப்படாத திட்டம் போடுகிறாயா?

சரி. முழுமை வெறி பிடித்த ஆசிரியர் எங்கே போய் நிற்பார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? ஒருவரைக் காட்டுகிறேன்.

லுட்விக் விட்கென்ஸ்டைன். 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த தத்துவ அறிஞர்களில் ஒருவர். 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியாவின் மலைப்பக்கத்துக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார்.

ஏனோதானோ என்று வேலை பார்த்தவரா? இல்லை! பிள்ளைகளோடு சேர்ந்து பூனையின் எலும்புக்கூட்டைக் கோத்தவர். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதப் பழக, பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தவர். 1926இல் அது அச்சானது. இப்படி உழைக்கும் ஆசிரியர் எந்தப் பள்ளிக்கும் வரம்தானே?

ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சீக்கிரம் பிடிபடவில்லை என்றால்? கன்னத்தில் அறை! தலைமுடியைப் பிடித்து இழுப்பு!

1926 ஏப்ரலில் அவரிடம் அடி வாங்கிய ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான். அத்தோடு அவர் ஆசிரியர் வேலையை விட்டு வெளியேறினார். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் திரும்பிப் போய், தான் அடித்த சிலரைத் தேடி மன்னிப்புக் கேட்டார்.

அறிவு குறைவா அவருக்கு? உழைப்பு குறைவா? இரண்டும் மலையளவு இருந்தன. எதிரே இருக்கும் பிள்ளை தன் வேகத்தில்தான் வரும் என்பதைப் பொறுக்கும் மனம் இல்லை!

உன்னைக் கவனி. மூன்று மணி நேரம் செதுக்கிய பாடத்தைக் கடைசி பெஞ்ச் பையன் ஒரே கொட்டாவியில் கலைக்கிறான். யார்மேல் கோபம் வருகிறது?

அவன்மேல்!

பாடம் அவனுக்காக எழுதியது இல்லையா? எப்போது அது உன் சொத்தாக மாறியது? எப்போது அவன் அதற்கு இடைஞ்சலாக மாறினான்?

பிரம்பை நீ தொடமாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு வார்த்தை விழுகிறதே, அது வலிக்காதா? இரவெல்லாம் விழித்துத் தயாரித்தவர் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை சீக்கிரம் வருகிறது. கவனித்திருக்கிறாயா?

"எல்லாம் சரி, ஆனால் என் பாடம் முதல் நாளே ஊத்திக்கொண்டதே!"

ஊத்திக்கொள்ளட்டும்! கிஜுபாய் பதேகாவைப் படி. வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்தவர். அதை விட்டுக் குஜராத்தின் பாவ்நகரில் பிள்ளைகளுக்கான கல்வியில் இறங்கினார். அவருடைய ‘பகற்கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் பெரிய கனவுகளோடு, திட்டத்தோடு முதல் நாள் வகுப்புக்குள் நுழைகிறார். மௌன விளையாட்டு ஆடலாம் என்கிறார்.

மௌனமா? வகுப்பே கூச்சல் காடாகிறது! திட்டம் அங்கேயே செத்துப்போகிறது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.

மறுநாள் ராஜினாமாக் கடிதம் எழுதினாரா? கதை சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்தார்கள். இந்தியக் கல்வி பற்றி எழுதப்பட்டதிலேயே அதிகம் படிக்கப்படும் புத்தகங்களில் ஒன்று, பாழாய்ப்போன ஒரு வகுப்பில்தான் தொடங்குகிறது!

உன் பாழாய்ப்போன வகுப்பை வைத்து நீ என்ன செய்தாய்? தலையணையில் முகம் புதைத்தாய். அவ்வளவுதானே?

இன்னும் சாக்கு இருக்கிறதா? எடு, பார்த்துவிடலாம்.

"ஆய்வுக்கு வந்தால் நோட்டைக் கேட்பார்களே!" கேட்பார்கள். கொடு! கேட்டது இருக்க வேண்டும், அவ்வளவுதான். கற்றல் விளைவை எழுது, செயல்பாட்டை எழுது, தேதி போடு, மூடு. மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்டதற்காக எந்தப் பிள்ளைக்கும் பின்னம் புரிந்ததில்லை. (பதிவேடும் செயலியும் புள்ளிவிவரமும் ஆசிரியர் தலையில் ஏறிக்கொண்டே போகிறது என்பது பொய்யில்லை. அதற்காகச் சங்கத்தில் குரல் கொடு, உரக்கக் கொடு. அது வேறு சண்டை. அதைக் காட்டி இந்தச் சண்டையிலிருந்து நழுவாதே.)

"பக்கத்து வகுப்பு சார் வெறும் சாக்பீஸோடு போய்ப் பிரமாதமாக நடத்துகிறாரே!" ஆமாம். அவர் எத்தனை வருஷமாகச் சொதப்பி, திருத்தி, மறுபடி சொதப்பி அங்கே வந்து சேர்ந்தார் என்று கேட்டாயா? கேள்! ஸ்டாஃப் ரூமில் பொறாமையோடு ஓரக்கண்ணால் பார்ப்பதை விட்டு, எழுந்து போய்க் கேள். "சார், இந்தப் பாடத்துல பசங்க எங்க தடுக்குவாங்க?" இந்த ஒரு கேள்விக்கு அவர் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லும் பதில் உன் மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

கேட்பது அவமானமா? தெரியாமலே வருஷம் முழுக்க நடத்துவது அவமானம் இல்லையா?

"எனக்குத் தெரியாத கேள்வி கேட்டுவிட்டால்?" தெரியாது என்று சொல்! நாளை பார்த்து வருகிறேன் என்று சொல். மறக்காமல் பார்த்துவிட்டுப் போ. அவ்வளவுதான் விஷயம்!

சரி, இப்போது அந்தப் பின்னத்துக்கு வா. புதுத் தாள் எடு. பத்து நிமிடம்தான் தருவேன்.

வகுப்பு முடியும்போது பிள்ளைகளால் எதைச் செய்ய முடிய வேண்டும்? ஒரே வரியில் எழுது. ‘மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, இரண்டில் பெரியது எது என்று காரணத்தோடு சொல்வார்கள்.’ போதும்.

எங்கே தடுக்குவார்கள்? மூன்றைவிட நான்கு பெரிது. ஆகவே நான்கில் ஒன்றுதான் பெரிது! இப்படித்தான் பல கைகள் உயரும். இந்தத் தடுக்கலை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகும் ஆசிரியருக்கு அது அதிர்ச்சி இல்லை, வேலை!

எதைக் கையில் கொடுப்பாய்? கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து ஒரு வரிசையில் 12 கட்டம் வெட்டச் சொல். மூன்று சம பங்காக மடித்தால் பங்குக்கு 4 கட்டம். நான்கு சம பங்காக மடித்தால் பங்குக்கு 3. கண்ணுக்கு எதிரே இருக்கிறதே பதில்! பைசா செலவில்லை. தெர்மாகோல் வெட்டி விரலைக் கிழித்துக்கொள்ளவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. ஐந்தில் ஒன்றா, ஆறில் ஒன்றா? பக்கத்தில் இருப்பவருக்குக் காரணம் சொல்லிக் காட்டச் சொல். அங்கேதான் அந்த அரைப் பங்கு ஒளிந்திருக்கிறது!

ஆயிற்று. பேனாவை மூடு!

"இவ்வளவுதானா?" இவ்வளவுதான். உன் கால் பங்கு இங்கே முடிந்தது. மிச்சம் வகுப்பில்.

வகுப்பில் உனக்குத் தேவைப்படுவது வேறொரு துணிச்சல். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். 1970களில் அவர் வெளியிட்ட முடிவுகள் இன்றும் ஆசிரியர்களைச் சுடும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள்! மூன்று நொடி பொறுத்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது; அதுவரை வாயே திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

மூன்றே நொடி! உன்னால் முடியுமா?

கேட்கும்போது சுலபமாகத் தெரிகிறது. வகுப்பில் நின்று பார்! கேள்வி கேட்டாய். அமைதி. ஒரு நொடி. எச்.எம். வராந்தாவில் போகிறார். உனக்கு வியர்க்கிறது. பதிலை நீயே சொல்லிவிடத் துடிக்கிறாய். ஏன்? அந்த அமைதி உன் தோல்வி என்று நினைக்கிறாய்!

அங்கே பிள்ளைகள் யோசிக்கிறார்கள். விடு! பொறு! பல்லைக் கடித்துக்கொண்டு நில்!

நின்றாயா? இப்போது பார், என்ன நடக்கிறது என்று.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்திருக்கிறாள். "டீச்சர், தப்பு! கால் பங்கும் மூணுல ஒண்ணும் சமமாத்தான் இருக்கு!"

உன் நெஞ்சு நிற்கிறது. அவள் காகிதத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். கால் பங்கில் 4 கட்டம். பக்கத்துப் பையனின் மூன்றில் ஒரு பங்கிலும் 4 கட்டம். வகுப்பே அவள் பக்கம் சாய்கிறது!

இதை எழுதியிருந்தாயா உன் குறிப்பில்? எட்டாவது முறை கிழித்து எழுதியிருந்தாலும் வந்திருக்குமா?

என்ன நடந்தது? அவள் 12 கட்டம் எடுக்கவில்லை. எண்ணிக்கையைக் காதில் வாங்காமல் 16 கட்டம் வெட்டிவிட்டாள். 16இல் கால் 4. 12இல் மூன்றில் ஒன்றும் 4!

இப்போது உன் முன்னால் இரண்டு ஆசிரியர்கள் நிற்கிறார்கள். இருவருமே நீதான். ஒருவர் பர்ஃபெக்‌ஷன் ஆசிரியர். "12 கட்டம்னு சொன்னேன்ல? காது கேக்கலயா? உட்காரு!" பாடம் திட்டப்படி நகர்கிறது. அந்தப் பெண் அந்த வருஷம் மறுபடி எழுந்திருக்க மாட்டாள்.

இன்னொருவர் கால் பங்கு ஆசிரியர். அவருக்கும் பயம்தான். ஆனால் சாக்பீஸைக் கீழே வைக்கிறார். "அட! ரெண்டும் சமமா? எப்படி? ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, யாராவது சொல்லுங்க."

சலசலப்பு. ஒருவன் எழுந்து வந்து இரண்டு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடிக்கிறான். "டீச்சர், இவ காகிதமே நீளம்!" அடுத்த பெஞ்சிலிருந்து குரல்: "முழுசு ஒரே அளவா இருந்தாத்தான் பங்கை ஒப்பிட முடியும்!"

பின்னத்தின் அடிப்படையே இதுதானே! இதை யார் சொன்னது? நீயா? அவர்கள்! அந்த முக்கால் பங்கு கண்முன்னால் வேலை செய்கிறது!

இந்தத் தருணத்துக்காகத்தானே வேலைக்கு வந்தாய்? இதை எந்த இரவில், எந்தத் தாளில் எழுதி வைக்க முடியும்?

மணி அடித்துவிட்டது. கடைசிக் கேள்விக்கு நேரம் போதவில்லை. ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று அப்படியே நிற்கிறது. திட்டம் பாதியில் நின்றுவிட்டதே என்று முகம் தொங்குகிறதா? தூக்கு முகத்தை! நாளை காலை முதல் கேள்வி தயார் என்று அர்த்தம்.

இனிமேல்தான் மறுபடி திட்டமிடும் அந்த 12 நிமிடம். இரவு செலவழித்தாயே, அதை இங்கே செலவழி! இடைவேளையில் பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுது. யார் எங்கே திணறினார். எந்தக் கேள்விக்கு வகுப்பு விழித்தது. எங்கே நீ பொறுக்க முடியாமல் பதிலைச் சொல்லித் தொலைத்தாய். கோணல் எழுத்தில் எழுது, பரவாயில்லை. அடுத்த வருஷம் இதே பாடம் வரும்போது உன் கையில் இருக்கப்போகும் ஒரே உண்மையான பாடக்குறிப்பு அந்த ஓரம்தான்.

எழுதிவிட்டாயா? மூன்றாம் பாடவேளை ‘பி’ பிரிவுக்கு இதே பின்னம். இந்த முறை நீயே பாதிப் பேருக்கு 12 கட்டம், பாதிப் பேருக்கு 16 கட்டம் என்று வெட்டச் சொல். சண்டை போடட்டும்!